சிறுத்தை கடித்த நாற்காலி

விசுவகர்மா துணை

என் கண்ணான மகன் புக்ராஜுக்கு உன் அம்மா தாப்பு உச்சி முகர்ந்து எழுதுவது. இங்கே நான், உன் மனைவி கிஸ்தூரி, பெண்கள் இரண்டு பேர், எருமை, கன்று எல்லோரும் நலம். மஸ்கட்டில் நீயும் உன்னோடு ஓர் அறையில் இருக்கிற பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும், அதற்குத்தான் தினமும் விளக்கு வைக்கிறேன். உன் பெரியம்மா சுக்னியும் நலம்தான். அவளைத் தனியாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், என் சல்லடையைத் திருப்பிக் கேட்டால் காது கேட்காதவளுக்கு என் போன் மணி அடித்தால் மட்டும் பளிச்சென்று கேட்கும். இன்னொன்று, போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுகிறாய், காகிதத்தை அப்படி வெட்டமுடியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், அவசரப்படாமல் படி. வியாழக்கிழமை விமானம் ஏறுகிற பேராராம் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவனிடம் கேர் காய் ஊறுகாயும் இருக்கிறது, அதை அறையில் எல்லோருக்கும் கொடு, ஆனால் எண்ணெயை வழித்துத் தின்னாதே, உனக்கு ஆகாது. இருமல் நின்றதா? நீங்கள் அங்கே அறுக்கிற பலகை மரமே இல்லை, தூளையும் பசையையும் சேர்த்து அழுத்தியது என்று நீதான் சொன்னாய், அந்தத் தூள் நெஞ்சில் இறங்கினால் வெளியே வராது, மூக்கில் துணி கட்டிக்கொள். இங்கே மழை இரண்டு நாள் பெய்து ஏமாற்றிவிட்டது. பெரியவள் பரீட்சை எழுதிவிட்டாள், நன்றாக எழுதினேன் என்கிறாள், போன தடவையும் அதையேதான் சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முழங்காலை வைத்துக்கொண்டு எங்கேயும் போகாதே என்று நீ சொல்லியிருந்தாய். நான் போனேன். ஒரே நாளில் மூன்று அரண்மனை, மதியச் சாப்பாடு உட்பட, பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களே, அதில் போனேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. உன் மாமன் உதாராம் திருடன் இல்லை என்று என் கண்ணால் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. துக்கத்துக்குப் போகக் கூப்பிட்டபோது நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என் கல்யாணத்துக்கு தாய்மாமன் சீர் கொண்டு வராதவருக்கு நான் எதுக்கு லீவு போடணும்?" என்றாய். அன்று புதன்கிழமை, நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனேன். உன்னைத் தப்பு சொல்லவில்லை. நீ கேட்டு வளர்ந்தது உன் பெரியம்மா சொன்ன கதை. என் கதையை யாரும் கேட்கவில்லை.

அந்த நாற்காலியை உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது ஒன்றரை வயசு. உன் தாத்தா ஹேமாராம் அட்சய திருதியை அன்று ஒரே பந்தலில் இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடித்தார், இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி தன் கையால் செய்து கொடுத்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், கயிறு பின்னிய இருக்கை, சாய்மானத்தில் மூக்கோடு மூக்கு உரசுகிற இரண்டு கிளி. அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்ட அதைவிடச் சுகமான ஆசனம் கிடையாது. பிறகு பன்வர்கோட் தாக்கூர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கோட்டையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் நானூறு பேர் படுத்து உட்கார வேண்டுமே, ஊரில் வீட்டுக்கு வீடு கட்டிலும் ஆசனமும் தூக்கிக்கொண்டு போவார்கள். எது யாருடையது என்று திரும்பி வரும்போது தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. எண்ணெய்க்காரர் வீட்டுக்கு மூன்று புள்ளி, குயவர் வீட்டுக்குச் சக்கரம், நம் வீட்டுக்குப் பின்கால் உட்புறத்தில் உளியால் இரண்டு கொத்து, அதன்மேல் ஒரு பிறை. கல்யாணம் முடிந்து நம் வீட்டுக் கட்டில் ஆறும் வந்தது, உன் பெரியம்மா நாற்காலி வந்தது, என்னுடையது வரவில்லை. அந்த வாரம் பார்த்து என் அண்ணன் உதாராம் ஒட்டக வண்டியில் தீவனம் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு ராத்திரி தங்கிப் போயிருந்தார். "வண்டியில சாக்குக்குள்ள என்னமோ முட்டிக்கிட்டு இருந்துச்சு அத்தே" என்று உன் பெரியம்மா உன் பாட்டியிடம் சொன்னாள். உன் பாட்டி அதைக் கிணற்றடியில் சொன்னாள். கிணற்றடியில் சொன்னால் ரத்தன்புராவில் இருக்கிற என் அண்ணன் காதுக்குப் போக எத்தனை நாழி? மறுநாளே வந்தார், நடந்தே வந்தார். வாசலில் நின்று தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார். "நான் எடுக்கலைன்னு இந்த வீடு தன் வாயால சொல்ற வரைக்கும் இந்த வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்றார். இந்த வீடு சொல்லவில்லை. உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் ரம்பத்தோடு மட்டும்தான் பேசுவார். அதனால்தான் உன் கல்யாணத்தில் சீர்த்தட்டோடு என் அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில் சுக்னியின் தம்பி நின்றான். அந்தத் தட்டை அவள் எத்தனை முறை சொல்லிக்காட்டியிருக்கிறாள் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், இருபதாவது தடவையோடு விட்டேன்.

நாற்பத்தாறு வருஷம் கழித்து கிஸ்தூரி தன் போனில் அரண்மனைச் சுற்றுலா விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். சிவப்புக் கயிறு கட்டி உள்ளே ஒரு நாற்காலி, சாய்மானத்தில் இரண்டு கிளி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எனக்கு ஒரு சீட்டும் உன் பெரியம்மாவுக்கு ஒரு சீட்டும் போடச் சொன்னேன், அவளுக்கெதற்கு என்று கிஸ்தூரி கேட்டாள், சாட்சிக்கு ஆள் வேண்டாமா என்றேன். சுக்னியிடம் நாற்காலி விஷயம் சொல்லவில்லை. பழைய தேவி கோயில் தரிசனம், மத்தியானம் பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புக்குச் சூர்மா, எல்லாம் சும்மா என்றேன். "சும்மான்னா நீ ஏன்டி என்னைக் கூப்பிடறே?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். "உன் ஆயுசு கெட்டியா இருக்கணும்னுதான்" என்றேன். சூர்மா என்ற சொல்லுக்கு வந்தாள். பஸ்ஸில் டில்லிக்காரர்கள் பாதி, பெண்கள் பஜனைக் கூட்டம் மீதி, சீட்டுக்கு நம்பர் உண்டு, எனக்கு இருபத்தொன்று, சுக்னிக்கு இருபத்திரண்டு, நடுச்சுவர் எழுந்த இந்தப் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

கூட்டிப்போனவர் பெயர் குமான் சிங், மீசைக்கு எண்ணெய் போட்டவர், கையில் ரோஜா நிறக் குடை, அதை உயர்த்தினால் எல்லோரும் பின்னால் போகவேண்டும், தாழ்த்தினால் நிற்கவேண்டும், நாற்பது பேரும் வாத்துக் கூட்டம்போலப் போனோம். முதல் அரண்மனையில் ஒரு கட்டில், அதில் நீளம் போதாது, ராஜா உட்கார்ந்தபடியே தூங்குவாராம், எதிரி வந்தால் எழுந்திருக்க வசதியாம். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, யாரோ கால்மாட்டுப் பலகையைக் கழற்றி விற்றுவிட்டு மிச்சத்தைக் குட்டையாக்கிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டாவது அரண்மனையில் ஓர் ஊஞ்சல், நானூறு வருஷப் பழசு, டில்லிக்காரர்கள் கை கூப்பினார்கள். அடியில் குனிந்து பார்த்தேன், நட்சத்திர வாய்த் திருகாணி போட்டிருந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் அதை எந்தக் கடையில் விற்றார்கள் என்று கேட்டேன், குமான் சிங் குடையை உயர்த்திவிட்டார். நீ மஸ்கட் போவதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஏற்றுமதிப் பட்டறையில் பழைய சாமான் செய்துகொண்டிருந்தாயே, புது அலமாரியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீ டிகாஷன் ஊற்றி, செருப்பு பாலிஷ் பூசி, வெயிலில் போட்டு எடுப்பாயே, அந்த வாசனை அந்த மண்டபம் முழுக்க இருந்தது. உன் நினைப்பு வந்துவிட்டது.

மூன்றாவதுதான் பன்வர்கோட். நான் முக்காடு போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாகவே நுழைந்து பழகிய கோட்டையில் முன்வாசல் வழியாக, கையில் சீட்டோடு நுழைந்தேன். அந்தப்புரத்துக் கூடத்தில் சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் என் நாற்காலி நின்றது. கயிற்று இருக்கையை எடுத்துவிட்டு வெல்வெட் திண்டு வைத்திருந்தார்கள், பாவம், கல்யாணப் பெண்ணின் மேலாடையைப் போட்ட கிழவிபோல இருந்தது. குமான் சிங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது எங்க பாட்டனார் காலத்து ராணியம்மா பூஜை ஆசனம். டில்லி பாதுஷா அனுப்பின தச்சன், ஒத்தைக் கருங்காலி மரத்துல செதுக்கினது. இருநூத்தி எண்பது வருஷம்" என்றார். கருங்காலியாம். ரோகிடா மரம், நம் கிணற்றுக்குப் பின்னால் நின்ற மரம், வெட்டும்போது நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு சாய்மானத்தின் மேல்விளிம்பை விரலால் காட்டினார். "இந்தப் பல்தடம் பாருங்க. ராணியம்மா ஒரு சிறுத்தைக் குட்டி வளர்த்தாங்க. அவங்க பூஜையில உக்காந்தா அது பின்னால நின்னு இதைக் கடிச்சிக்கிட்டே இருக்கும், அவ்வளவு பாசம்" என்றார். டில்லிக்காரர்கள் ஆவென்று வாயைப் பிளந்து படம் எடுத்தார்கள்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "அந்தச் சிறுத்தைக்குக் கடைவாய்ப் பல் முளைச்ச நேரம் அது. பேரு புக்ராஜ். இப்போ மஸ்கட்ல வேலை பாக்குது, மாசாமாசம் போன் பண்ணுது" என்றேன். கூடமே சிரித்தது. குமான் சிங் சிரிக்கவில்லை. "அம்மா, வயசானவங்க, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றார். "தண்ணி இருக்கட்டும் சிங் சாகிப், பின்கால் உள்பக்கம் விளக்கு அடிச்சுப் பாருங்க, ரெண்டு கொத்து இருக்கும், மேல ஒரு பிறை இருக்கும், இல்லைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். டில்லிக்காரர் ஒருவர், நல்ல மனுஷர், வழுக்கை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டுத் தன் போன் வெளிச்சத்தில் பார்த்தார். "இருக்கு, இருக்கு! ரெண்டு கொத்து, ஒரு பிறை!" என்று கத்தினார். குமான் சிங் ஒரு மூச்சுகூடத் தடுமாறவில்லை, "அதுதான் அரச முத்திரை" என்றார். "நீங்க சூரிய வம்சம்னு சொன்னீங்களே, முத்திரையில எதுக்குப் பிறை?" என்று வழுக்கைக்காரர் கேட்டார். "அது ராணியம்மா பொறந்த வீட்டு வழி" என்றார் குமான் சிங். வாய் சாமர்த்தியத்துக்கு அவருக்குத்தான் அரண்மனை கொடுக்கவேண்டும்.

சத்தம் கேட்டுத் தாக்கூரின் பேரன் வந்துவிட்டார், அவர்தான் இப்போது கோட்டையை நடத்துகிறார். மரியாதையான பிள்ளை, குனிந்து கும்பிட்டார், என்ன பாட்டிம்மா என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எந்த வருஷம், எந்தக் கிழமை, எந்த வீட்டிலிருந்து எத்தனை கட்டில் என்று. உங்கள் கோட்டை என் நாற்காலியை வைத்துக்கொண்டது, என் அண்ணன் திருடன் என்று பெயர் வாங்கிச் செத்தார், இப்போது திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாற்காலி முன்னால் நிறுத்தியிருக்கிற பெயர் அட்டையில் தச்சர் ஹேமாராம் வீட்டு நாற்காலி என்றாவது எழுதுங்கள் என்றேன். "பாட்டிம்மா, இது டிரஸ்ட் சொத்து. கமிட்டி கூடித்தான் முடிவு எடுக்கணும்" என்றார். "கமிட்டியில யார் யாரு?" என்றேன். "நானும் என் மனைவியும்" என்றார். "அப்போ கூடுங்க எஜமான், நாங்க இப்படியே நிக்கிறோம்" என்றேன். "ஒண்ணு செய்யலாம். வாரத்துல ரெண்டு நாள் வந்து பக்கத்துல உக்காருங்க, உங்க கதையைச் சொல்லுங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். "நாற்காலியிலயா?" என்றேன். "இல்லை இல்லை, கீழ, தரையில" என்றார்.

சுக்னி இதற்குள் மூன்று தடவை என் முந்தானையை இழுத்துவிட்டாள், "பஸ் போயிடும்டி, பஸ் போயிடும்டி" என்கிறாள், பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே எங்கள் கண்முன்னால் நின்று பீடி புகைத்துக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் கூடத்து மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி எழுந்தாள். அவளும் காட்சிப் பொருள்தான், படம் எடுக்கிறவர்களுக்காக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், ராட்டையில் நூலே இல்லை. கிட்டே வந்ததும் தெரிந்தது, அந்தக் கல்யாணத்துத் தாக்கூரின் மனைவி ராணியம்மாளின் வேலைக்காரி ஹஞ்சா, என்னைவிட எட்டு வயசு மூத்தவள், இன்னும் சாகவில்லை. அவளுக்குக் கோட்டையைத் திருட்டுக் கோட்டை என்று சொன்னது பொறுக்கவில்லை. "யாருடி சொன்னது கோட்டை எடுத்துச்சுன்னு? கோட்டைக்கு உங்க வீட்டுக் குட்டை நாற்காலி ஒரு கேடா? குடுத்ததுடி அது, கையில குடுத்தது!" என்றாள். யார் கொடுத்தது என்றேன். அவள் சுக்னியைப் பார்த்தாள். "அட, நீ தச்சர் வீட்டு மூத்த மருமக சுக்னி தானே? முக்காட்டைத் தூக்கு பாப்போம். நீதானே தலையில தூக்கிட்டு வந்து என் கையில குடுத்தே! ராணியம்மா உக்காந்து பாத்து முட்டிக்கு இதமா இருக்குன்னு சொன்னாங்க, நான் வந்து உன்கிட்ட சொன்னேன், ரெண்டு இருந்துச்சு, இதைக் குடுத்தே. பதிலுக்கு மஞ்சப் பட்டு முக்காடு குடுத்தாங்களே, மறந்துட்டியா?" என்றாள்.

புக்ராஜ், அந்த மஞ்சள் பட்டு முக்காடு உனக்கே ஞாபகம் இருக்கும். ஹோலிக்கு ஹோலி உடுத்துவாள். என் தம்பி வாங்கிக் கொடுத்தது, தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும், சிலருக்கு அண்ணன்கள் வந்தால் வீட்டில் சாமான்தான் குறைகிறது என்று என் காதுபடச் சொல்லிச் சொல்லி உடுத்தினாள். கோட்டையைப் பிடிக்கப் போனவள் நான், கோட்டை என் கையில் சுக்னியைப் பிடித்துக் கொடுத்தது. அவள் முக்காட்டை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூணைப்போல நின்றாள். டில்லிக்காரர்கள் மாறி மாறி எங்களைப் படம் எடுத்தார்கள், அந்த வழுக்கைக்காரர் மட்டும் எடுக்கவில்லை. குமான் சிங் குடையை உயர்த்தி, அடுத்தது சாப்பாட்டுக் கூடம் என்றார், பத்து எண்ணுவதற்குள் கூட்டம் காலி. சுக்னியும் சாப்பிட்டாள். சூர்மா இரண்டு தடவை வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும்போது இருபத்தொன்றும் இருபத்திரண்டும்தானே, வேறு போக்கில்லை. பாதி வழியில் முக்காட்டை விலக்கினாள். பிறகு, "ராணியம்மா ஆசைப்பட்டுச் சொல்லிட்டா, இல்லைன்னு எந்த வாயால சொல்றது?" என்றாள். அது உண்மைதான், ராணியம்மாள் ஒன்றை நன்றாயிருக்கிறது என்றால் அது அவர்களுடையது, அப்போது அப்படித்தான். "உன்னுதும் அங்கதானே இருந்துச்சு, அதைக் குடுத்திருக்கலாம் இல்லை?" என்றேன். "என்னுதைக் குடுத்துட்டா நான் எதுல உக்கார்றது?" என்றாள். வெட்கப்பட்டுச் சொல்லவில்லையடா, நிஜமாகவே கேட்டாள். "சரி, மாமியாருக்குப் பயந்து மறைச்சே. எங்கண்ணன் வண்டியை எதுக்கு இழுத்தே?" என்றேன். "சாக்குல ஏதோ இருந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். ஏதோ இருந்துச்சு தானே?" என்றாள். இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், நம் வயலில் நான் பறித்து உன் பாட்டிக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பிய மூன்று தர்பூசணி இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு அடி விழும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய் திறக்காததும் அதில் ஒரு பங்கு. ஆனால் மூன்று தர்பூசணிக்கு நாற்பத்தாறு வருஷமா?

நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். "ரத்தன்புராவுக்கு வா. எங்கண்ணி ஹர்கு வாசல்ல நின்னு உன் வாயால சொல்லு. இல்லைன்னா உன் பேத்தி நிச்சயதார்த்தத்துல சம்பந்தி வீட்டார் முன்னால நான் சொல்றேன், மஞ்ச முக்காட்டையும் சேத்து." உடனே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. நாலாம் நாள் சம்பந்தி வீட்டிலிருந்து தேதி பேச ஆள் வந்தது, காய்ச்சல் விட்டுவிட்டது. ஏகாதசியன்று ஜீப் பிடித்துப் போனோம். நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கிஸ்தூரியின் சிநேகிதி போன ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் போய்வந்தாள், அட்டையில் எழுத்து மாறவில்லை, ஆனால் குமான் சிங் இப்போது, "ராணியம்மா வளர்த்த சிறுத்தை, பேரு புக்ராஜ்" என்று சொல்கிறாராம். நீ ஊருக்கு வரும்போது அந்தப் பக்கம் போய்விடாதே, கூண்டில் போட்டுவிடப் போகிறார்கள்.

ஹர்கு அண்ணி எங்களை வாசலிலேயே நிற்கவைத்தாள். எனக்குத் தண்ணீர் வந்தது, சுக்னிக்கு வரவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். சுக்னி தரையைப் பார்த்துக்கொண்டு, "நாற்காலியை நான்தான் கோட்டைக்குக் குடுத்தேன், உங்க வீட்டுக்காரர் எடுக்கலை" என்று முணுமுணுத்தாள். "காது கேக்கலை" என்றாள் அண்ணி. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "தெருப் பக்கம் திரும்பிச் சொல்லு. அந்த மனுஷன் தெருவுலதான் தலையைக் குனிஞ்சு நடந்தாரு" என்றாள் அண்ணி. சுக்னி தெருப் பக்கம் திரும்பிச் சொன்னாள், எதிர்வீட்டில் கம்பு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள். உன் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, மூச்சு வாங்கினாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்கே கண் தெரியவில்லை.

அதன்பிறகுதான் அண்ணி உள்ளே போனாள். உன் மாமன் மகன் லாதுராமைப் பரண்மேல் ஏறச் சொன்னாள். அவன் கோணி சுற்றிய ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால் ஒரு குட்டை நாற்காலி, ரோகிடா மரம், கயிற்று இருக்கை, சாய்மானத்தில் இரண்டு கிளி. சுக்னி, "ஐயோ, அது இங்கயா இருக்கு!" என்று கத்தியேவிட்டாள், அந்த ஒரு நொடி நானும் பயந்துபோனேன். அண்ணி சிரித்தாள். "இப்படித்தான் கத்துவீங்கன்னுதான் அவர் கொண்டு வரலை" என்றாள். தலைப்பாகையை நம் வாசலில் வைத்துவிட்டுப் போனாரே, அவரும் தச்சர்தானே, அந்த வாரமே மரம் வாங்கி, பார்த்த ஞாபகத்தில் அதே மாதிரி செய்தாராம். பதினோரு நாள். தங்கச்சி தரையில் உட்கார்ந்து ரொட்டி தட்டுவாளே என்றுதான். வண்டியில் ஏற்றி, ஒட்டகத்தைப் பூட்டி, ஏறியும் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு தானாகவே இறங்கி நாற்காலியையும் இறக்கினாராம். "இதை எடுத்துக்கிட்டுப் போனா, பாத்தியா, பயந்துபோய்த் திருப்பிக் கொண்டு வந்துட்டான்னு சொல்வாங்க ஹர்கு" என்றாராம். அதோடு பரண்மேல் போட்டதுதான், வீட்டில் ஒருத்தரையும் அதில் உட்கார விட்டதில்லையாம்.

கிளிகள் இரண்டும் உன் தாத்தா செதுக்கியதைப்போல இல்லை, என் அண்ணனுக்குச் செதுக்கு வேலை அவ்வளவு வராது, இரண்டும் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கின்றன. அண்ணி உட்கார் என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேனே தவிர எழுந்திருக்க முடியவில்லை, இந்த முழங்காலுக்கு அது இப்போது பாதாளம். அண்ணி ஒரு கையைப் பிடித்தாள். இன்னொரு கையை நான் யாரிடமும் நீட்டவில்லை, சுக்னி தானாக வந்து பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிவிட்டார்கள். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஜீப்பைவிட்டு இறங்கியபோது அவள், "பின்கால் ஒண்ணு கொஞ்சம் குட்டைடி" என்றாள். குட்டை இல்லை. நான் கவனித்துத்தான் உட்கார்ந்தேன்.

நாற்காலியை நான் கொண்டுவரவில்லை. ஜீப்பில் இடம் இருந்தது, லாது ஏற்றக்கூட வந்தான், வேண்டாம் என்றேன். என் அண்ணன் கொண்டுவர முடியாமல் போனதை நானே தூக்கிக்கொண்டு வருவது நியாயமில்லை. நீ தீபாவளிக்கு லீவில் வருகிறாய். வந்ததும் நீயே ரத்தன்புராவுக்குப் போ. மாமியின் காலைத் தொடு, துக்கத்துக்கு வராததற்கு அவளிடம் மன்னிப்புக் கேள், வேலை இருந்தது, லீவு இல்லை என்று காரணம் சொல்லாதே, அவளுக்கு எல்லாம் தெரியும். பிறகு லாதுவை நம் வீட்டுக்குக் கூப்பிடு. அவன் அந்த நாற்காலியை வண்டியில் வைத்து, மேலே கோணி சாக்கு எதுவும் போடாமல், பட்டப்பகலில், பெரிய தெரு வழியாக நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உன் கல்யாணத்துக்கு வராத சீர் என்று நீ அதை வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அவன் நம் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும். கிஸ்தூரியிடம் கோதுமை ரவையில் வெல்லம் போட்டு லாப்சி கிண்டச் சொல்லிவிட்டேன். உன் பெரியம்மாவும் வாசலில் நிற்பாள், நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளை நீ ஒன்றும் பேசிவிடாதே, வயசானவள். அவளைப் பேசுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேன், போதும்.

விசுவகர்மா உன் கைக்கும் கண்ணுக்கும் குறைவில்லாமல் வைக்கட்டும். உளி எடுத்தால் விரலில் படாமல் இருக்கட்டும், மேஸ்திரி உன்னிடம் நல்ல முகமாக இருக்கட்டும், நீ நூறு வருஷம் இரு. சாப்பாட்டை ஒரு வேளைகூடத் தள்ளாதே. மூக்கில் துணி கட்டு, மறுபடி எழுதுகிறேன், கட்டு. இந்தக் கடிதத்தைப் படித்துமுடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. முதலில் லாதுவுக்குப் பண்ணு, அவன் நம்பர் மேலே ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அவன் எடுக்காவிட்டால் மறுபடி பண்ணு, அவனும் ரோஷக்காரன், எடுக்கும்வரை பண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா
ரத்தன்புரா உதாராம் தச்சரின் தங்கை தாப்பு